மார்ச் மாதத்தில் குரங்கணிப் பக்கம் மலையேறலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: "நண்பர்கள் ஆறு பேர் மார்ச் மாத வார இறுதி ஒன்றில் தேனி மாவட்டத்து மலைகளில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இருவருக்கு மட்டுமே முன் அனுபவம் உண்டு. அனுமதி வாங்குவது பெரிய அலைச்சல் என்கிறார்கள். கைபேசியில் வழித்தடம் இருக்கும்போது வழிகாட்டி கட்டாயம் வேண்டுமா? பாதுகாப்புக்கு எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?"

முதலில் மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பேசலாம். பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகள் காய்ந்து சருகாகிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தந்த ஈரம் வற்றி, இலையுதிர் காடுகளில் சருகு கணுக்கால் அளவுக்குச் சேர்ந்து, ஆளுயரப் புல் வைக்கோலாகி நிற்கும் காலம் அது. அரசு நடத்தும் மலையேற்றப் பாதைகளை 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவைத்ததற்குக் காரணமும் காட்டுத்தீ அபாயம்தான்.

நீங்கள் குறிப்பிடும் அதே மாவட்டத்தில், அதே மாதத்தில் நடந்ததை நினைவூட்டாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து இன்னொரு குழுவுமாக வந்திருந்தவர்கள், 7,000 அடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து புல்வெளிச் சரிவுகள் வழியாகக் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் தீ அவர்களைச் சூழ்ந்தது. புகையில் திசை தெரியாமல் குழு சிதறியது. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்தால் உயிரிழந்தோர் 20 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள், பலர் பெண்கள். அவர்கள் நடந்த தடத்துக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இறந்தவர்கள்மீது குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை; ஏற்பாடு செய்தவர்களை நம்பித்தான் அவர்களில் பலர் வந்தார்கள். உங்களைப் போன்ற ஒரு சிறு குழுவில் ஏற்பாடு செய்பவரும் நீங்களே, நம்பி வருபவரும் நீங்களே. அதனால் நம்புவதற்கு முன் விசாரிக்கும் கடமை ஆறு பேருக்கும் உண்டு.

தீ சமதளத்தில் நகர்வதைப் போலச் சரிவில் நகராது. சமதளத்தில் தழல் நிமிர்ந்து எழும். சரிவிலோ அது மேலே நிற்கும் புல்லை நோக்கிச் சாயும், அந்தப் புல் பற்றுவதற்கு முன்பே அனலில் வாடி, சூடேறி, எரியத் தயாராகிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயோடு போராடுபவர்கள் கையாளும் கணக்கு. 20 டிகிரியில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. அதே 30 டிகிரிச் சரிவில் முதுகுப்பையோடு மேல்நோக்கி ஓடிப் பாருங்கள். சமதளத்தில் நடக்கும் வேகம்கூட வராது. இதோடு காற்றும் சேர்கிறது. வெயிலில் சூடான காற்று பகல் முழுவதும் அடிவாரத்திலிருந்து முகட்டை நோக்கிச் சரிவைத் தடவியபடி ஏறும், பிற்பகலில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஓடைகள் அறுத்த செங்குத்தான பள்ளங்களில் அந்தக் காற்று புகைபோக்கிக்குள் புகுந்ததுபோல் இழுக்கப்படும். ஆகவே கீழே தீயைக் கண்டு பயந்து மேலே ஓடுவதும், ஒளிந்துகொள்ளலாம் என்று பள்ளத்துக்குள் இறங்குவதும் மிக மோசமான முடிவுகள். பயத்தில் மனிதருக்கு முதலில் தோன்றுவதும் இவை இரண்டுதான் என்பதால், வீட்டில் இருக்கும்போதே இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலையில் எங்கே புகை தெரிந்தாலும், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், வந்த வழியே திரும்புங்கள். நின்று படம் எடுக்க வேண்டாம். திரும்பும் வழி தீயை நோக்கிப் போகிறது என்றால் தீயின் முகப்புக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப்பரப்பையோ, செங்குத்தான பள்ளமாக இல்லாமல் அகன்று நீர் ஓடும் ஓடைப்படுகையையோ, தேயிலைத் தோட்டத்தையோ அடையப் பாருங்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்குப் பாதுகாப்பாகப் போக வழி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. எரிய அங்கே எதுவும் மிச்சமில்லை. பையைக் கீழே போட்டுவிடுங்கள், ஆளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நைலான், பாலியெஸ்டர் துணிகள் அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வறண்ட காலத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டைதான் நல்லது. மழைக்காலத்தில் இது தலைகீழாகும்: நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும், அப்போது சீக்கிரம் உலரும் செயற்கைத் துணியே உதவும்.

நம் மலைகளில் வறண்ட மாதங்களில் பற்றும் தீ பெரும்பாலும் மனிதர் கையால் பற்றுவது. அணைத்துவிட்டதாக நினைத்து எறியப்பட்ட பீடி, கல்லைக் கூட்டி வைத்துப் போட்ட டீ, குளிருக்கு மூட்டிவிட்டுச் சாம்பலை மூடாமல் எழுந்துபோன கணப்பு. நடக்கப் போகிறவருடைய பொறுப்புகளில் முதலாவது இது: எந்த மாதமானாலும் காட்டுக்குள் தீப்பெட்டியோ லைட்டரோ அடுப்போ உங்கள் பையில் இருக்கக் கூடாது. ஒரு நாள் நடைக்குச் சூடான உணவு தேவையில்லை. புளிச்சோறும் வறுகடலையும் வாழைப்பழமும் கொண்டுபோய் நாள் முழுவதும் நடந்தவர்கள்தான் நம் முன்னோர்.

இனி, அலைச்சல் என்று நீங்கள் சொன்ன அனுமதியைப் பற்றி. குரங்கணிக்குப் பிறகு அதே 2018-இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்திலேயே முன்பதிவு செய்யும் ஏற்பாட்டை வனத்துறை தொடங்கியது. வழிகாட்டிகள் அந்தந்த மலையடிவாரத்து மக்களிலிருந்து பயிற்சி பெற்றவர்கள். எனவே அலைச்சல் என்ற காரணம் இப்போது பெரிதாக நிற்காது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும்.

அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நாட்டில் எங்கே காட்டில் தீப் பற்றினாலும் செயற்கைக்கோள் பதிவை வைத்து இந்திய வன ஆய்வு நிறுவனம் மாநில வனத்துறைக்குத் தகவல் அனுப்புகிறது; அது அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகம் வரை போய்ச் சேரும். செயற்கைக்கோள் ஒரே இடத்தை நாளில் சில முறை மட்டுமே கடக்கும் என்பதால் தகவல் தாமதமாகவும் வரலாம். தகவல் வரும் நேரத்தில் அந்தச் சரிவில் ஆறு பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது சரகருக்குத் தெரிந்திருந்தால் அவர் செய்யும் முதல் வேலையே வேறாக இருக்கும். தெரியாவிட்டால் உங்களைத் தேடி யாரும் வரப் போவதில்லை. அனுமதிச் சீட்டு என்பது நீங்கள் எத்தனை பேர், எந்த வழியில், எப்போது உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை வெளியில் இருக்கும் ஒருவர் அறிந்திருப்பதற்கான சான்று. அதில் எழுதிய பாதையை விட்டு விலகி நடந்தால் அந்தச் சீட்டு பயனற்றுப் போகும்.

வழிகாட்டி கட்டாயம் வேண்டும். கைபேசியில் இருக்கும் கோடு, என்றோ ஒரு நாள் யாரோ நடந்த தடம். அதற்குப் பிறகு பெய்த மழையில் பாதை சரிந்திருக்கலாம், மாடு மேய்ப்பவர்கள் தடத்தை மாற்றியிருக்கலாம், நேற்று இரவு அந்த வழியில் யானைக்கூட்டம் இறங்கியிருக்கலாம். மேகம் முகட்டைக் கவிந்துகொண்டால் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத புல்வெளியில், ஐந்து மீட்டர் பிசகினாலே செங்குத்தான விளிம்பில் நிற்க நேரும். கைபேசி காட்டும் புள்ளியின் பிழை அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம். போடி மலைகளில் முதுவர் குடிகள் தலைமுறைகளாக நடந்த பாதைகள் இவை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இன்றும் வழங்கும் பெயர்கள்கூட, ஒரு நூற்றாண்டுக்கு முன் மூணாறுத் தேயிலையைக் கம்பிவட வழியாகக் கீழே கோட்டகுடிப் பக்கம் இறக்கிய காலத்தின் மிச்சம். அந்தத் தடத்தை ஒட்டி நடந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உடன் அழைத்துப்போகும்போது அவர் சொல்லை முடிவான சொல்லாக ஏற்பதாக ஆறு பேரும் புறப்படும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர்கள் நாம் என்ற எண்ணத்தில் உச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்று வழிகாட்டியை நெருக்குபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நெருக்கடியில் அவர் சம்மதித்துவிட்டால் ஆபத்து அவருக்கும்தான். அவர் வீட்டிலும் காத்திருக்கிறார்கள்.

பழனி மலையின் கீழ்ச்சரிவில் ஓர் அக்டோபர் மாதப் பிற்பகலில் நான் கண்டதைச் சொல்கிறேன். போகும்போது கல்லுக்குக் கல் தாண்டிக் கடந்த ஓடை அது, தண்ணீர் கணுக்காலைக்கூட முழுதாக நனைக்கவில்லை. திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தது. எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது. எங்களில் இருவர் கரையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பளியர் குடியைச் சேர்ந்த வழிகாட்டிப் பெரியவர் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். தெளிவாக இருந்த நீரில் மெல்லிய தேநீர் நிறம் கலந்திருந்தது. காய்ந்த இலைகளும் சிறு சுள்ளிகளும் வரிசையாக மிதந்து வந்தன. "மேலே கொட்டுது, கரையை விட்டு ஏறுங்க" என்றார். நாங்கள் பத்தடி ஏறி நின்றோம். இரண்டு மூன்று நிமிடங்களில் ஓடையின் ஓசை மாறியது, பிறகு நாங்கள் தாண்டிய கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, கடைசிக் கல் மறைந்தபோது தண்ணீர் இடுப்பளவுக்கு மண்ணும் மரக்கிளையுமாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதன்பின் வடிந்தது, கைகோத்துக் கடந்தோம்.

மலை ஓடையின் இயல்பே இதுதான். அதன் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு கடுமையானது. மேலே ஓரிடத்தில் பெய்யும் மழை நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்து சேர நிமிடங்கள் போதும், அங்கே வானம் தெளிவாகவே இருக்கலாம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டதும், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பள்ளி வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததும் இதே விதமாக மேலிருந்து இறங்கிய நீரால்தான். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். இவ்வளவு விரைவாக ஏறும் ஓடை பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும் என்பதால், காத்திருப்பதுதான் சரியான வழி. கடந்தே தீர வேண்டும் என்றால் குறுகலான இடத்தை விட்டு, நீர் விரிந்து ஆழம் குறைந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

பெரும்பாலான விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது நேரக் கணக்கில் ஏற்பட்ட பிழை. தாமதமாகப் புறப்பட்டவர்கள் தாமதத்தை ஈடுகட்ட விரைகிறார்கள், விரைந்ததால் களைக்கிறார்கள், களைத்தபின் இருட்டில் இறங்குகிறார்கள், இறங்கும்போது வழுக்குகிறார்கள். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார். இன்றும் உலகம் முழுவதும் அது பயன்படுகிறது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதை ஏறுமுகமாக 10 கிலோமீட்டர், உயரம் 900 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணியும் ஒன்றரை மணியும் சேர்ந்து மூன்றரை மணி நேரம். இது நல்ல உடற்கட்டுள்ளவர் குளிர்நாட்டில் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. நம் வெயிலுக்கும், முதல்முறை வருபவர்கள் நால்வர் இருக்கும் குழுவுக்கும் இதை இரண்டால் பெருக்குங்கள். ஏழு மணி நேரம் வந்துவிட்டது, இறங்கும் நேரம் இன்னும் சேரவில்லை. ஒரு நாளில் போய்த் திரும்பக் கூடிய பாதையா அது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆகவே திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே முடிவு செய்து ஆறு பேரும் அறிய வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 12 மணி என்று வைத்தால், உச்சி கண்ணுக்கு எதிரே இருநூறு மீட்டரில் இருந்தாலும் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். கடைப்பிடிக்க மிகக் கடினமான விதி இது. காசு செலவழித்து, இரவெல்லாம் பேருந்தில் வந்து, கண்ணெதிரே உச்சி நிற்கும்போது திரும்ப யாருக்கும் மனம் வராது. அதனால்தான் களைப்பும் ஆசையும் இல்லாத காலை வேளையிலேயே முடிவு எடுக்கச் சொல்கிறேன். தேனிப் பக்கம் சூரியன் ஆறரை மணிவாக்கில் மறையும் என்று நாட்காட்டி சொன்னாலும், மேற்கே மலை நிற்கும் பள்ளத்தாக்கில் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கும், சோலைக்காட்டுக்குள் அதற்கும் முன்பே.

குழுவாக நடப்பதில் ஒரு நுட்பம் உண்டு, அது தெரியாமல் நல்லவர்களே தவறு செய்வார்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், எல்லோரும் வந்தாயிற்று என்று எழுந்து நடப்பார்கள். விளைவு, ஓய்வு மிகத் தேவைப்பட்டவருக்கு மட்டும் நாள் முழுவதும் ஓய்வே கிடைப்பதில்லை. தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்ற கூச்சத்தில் அவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார். மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்க விடுங்கள், அவர் வேகமே குழுவின் வேகம். அனுபவமுள்ள உங்கள் இருவரில் ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, சிறுநீர் கழிக்க ஒதுங்குபவரும் அவரிடம் சொல்லிவிட்டே ஒதுங்க வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று தலைகளை எண்ணுங்கள்.

உடலைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலைகளையும் ஏறும் பக்தர்களில் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறப்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. 2024-இல் அப்படி இறந்தவர்கள் பலர். அங்கே உயரம் 2,000 மீட்டரைக்கூடத் தொடாது, காற்றில் உயிர்வளி குறைவதால் வரும் மலைநோயைக் காரணம் சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடலை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான படிகளில் ஏற்றுவதுதான் சிக்கல். உங்களில் யாருக்காவது வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ இருந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், அதை மற்ற ஐவரிடமும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆறு வாரங்களுக்கு முன்பிருந்து வாரம் நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்கினால் போதுமான பயிற்சி. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார வைத்துவிட வேண்டும். "கொஞ்ச தூரம்தான், மெதுவாக நடந்துவிடலாம்" என்ற பேச்சே கூடாது.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது என்பதால் வெறும் நீரை மட்டும் நிறையக் குடிப்பதும் தலைச்சுற்றலில் கொண்டுபோய் விடும். மற்றப்படி எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை: நன்றாகப் பழகிய, அடிப்பாகம் தேயாத ஷூ, தலையில் மாட்டும் டார்ச், பகல் நடையானாலும் ஆளுக்கு ஒன்று, விசில், மழைச்சட்டை, கட்டுத்துணி, கிரேப் பேண்டேஜ், அவரவர் மருந்து, சார்ஜ் நிறைந்த பவர் பேங்க். புதிய ஷூவை மலையில் முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டாம் மணி நேரத்தில் குதிகால் கொப்பளித்தால் மீதி நாள் நரகம்.

விலங்குகளைப் பற்றிய அச்சம் பலருக்கு அளவுக்கு மீறி இருக்கிறது, எச்சரிக்கையோ அளவுக்குக் குறைவாக இருக்கிறது. அதிகாலையிலும் மாலையிலும் நடப்பதைத் தவிர்த்தால் யானையையும் கரடியையும் எதிர்கொள்ளும் வாய்ப்பு பெரிதும் குறையும். வழிகாட்டி குனிந்து யானைச் சாணத்தின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பதைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். சூடு இருக்கிறதா என்று அறியத்தான் அப்படிச் செய்கிறார், அடுத்து அவர் சொல்லும் திசையில் ஓசையின்றி நடக்க வேண்டியிருக்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள், பாறைத் தேனீக்களைக் கிளறிவிடும். பாம்பு கடித்தால் கடித்த உறுப்பை அசையாமல் கட்டுத்தடி வைத்து, மோதிரம், கொலுசு, இறுக்கமான துணியைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றுமே கெடுதல். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். 108-ஐ அழைத்து, கடித்த நேரத்தையும் நீங்கள் சாலையை எட்டும் இடத்தையும் சொல்லுங்கள்.

இந்தத் தூக்கிக்கொண்டு வருவது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். குரங்கணியில் காயப்பட்டவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே, தீ முழுவதும் அணையாத சரிவில், இருட்டில், போர்வையையும் கம்பையும் டோலியாக்கி அவர்கள் மனிதர்களைச் சுமந்து இறக்கினார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஒற்றையடிப் பாதையில் இறக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் தோள் கொடுக்க வேண்டும். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை தோள் மாற்ற இன்னும் நால்வராவது உடன் வர வேண்டும். உங்களில் ஒருவர் வழுக்கிக் கணுக்கால் முறிந்தால் எட்டுப் பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு, வழுக்கும் சரிவில், தங்கள் கால்களைப் பணயம் வைத்து நடக்கிறார்கள். என் உயிர், என் ஆபத்து என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மலையில் ஒருவருடைய ஆபத்து அவரோடு நிற்பதே இல்லை.

குப்பையைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரஞ்சுத் தோலும் சோற்றுப் பொட்டலமும்கூட இதில் அடங்கும், உப்புச் சுவை கண்ட குரங்கும் காட்டுப்பன்றியும் அடுத்து வருபவரின் பையைத் தேடி வரும். கண்ணாடி பாட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். உடைந்த சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் புண் சீழ்பிடித்து அது நடக்க முடியாமல் மாதக்கணக்கில் வதைபடும். மலம் கழிப்பதாக இருந்தால் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது விலகி, ஒரு சாண் அளவுக்குக் குழி தோண்டி மூடிவிடுங்கள், அந்த ஓடையின் நீரைக் கீழே ஓர் ஊரே குடிக்கிறது.

சிக்னல் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால் இருவர் காயப்பட்டவரோடு இருக்க, இருவர் சேர்ந்தே உதவி தேடிப் போக வேண்டும், தனியாக யாரும் போகக் கூடாது. போகிறவர்கள் இடம், நேரம், காயம், எத்தனை பேர் என்பதைத் தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். பதற்றத்தில் நினைவு தடுமாறும். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேர்ந்துவிடும். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் மௌனம், மீண்டும் ஆறு முறை என்பது மலைகளில் உதவி கேட்கும் பழைய அடையாளம். இரவில் டார்ச்சாலும் அதையே செய்யலாம். புறப்படும் முன் வழிகாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் திட்டத்தை நான் மாற்றி எழுதுவதாக இருந்தால், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்வேன். மழை ஓய்ந்திருக்கும், புல்லில் பச்சை இருக்கும், வானம் தெளிந்திருக்கும். வனத்துறையின் முன்பதிவில் எளிது என்று வகைப்படுத்திய பாதை ஒன்றில் முதலில் ஆறு பேரும் சேர்ந்து நடந்து, யாருக்கு எது முடிகிறது என்று பார்ப்பேன். கடினமான பாதையை அடுத்த ஆண்டுக்கு வைப்பேன். முந்தைய இரவு அடிவாரத்திலேயே தங்கி, விடிந்ததும் புறப்பட்டு, மதியத்துக்குள் திரும்ப முகம் திருப்புவேன். மலைக்கு வராத ஒருவரிடம், வீட்டிலோ அலுவலகத்திலோ, பாதையின் பெயர், வழிகாட்டியின் கைபேசி எண், வனச்சரக அலுவலகத்தின் எண், வெளியே வர வேண்டிய நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, இரவு எட்டு மணிக்குள் செய்தி வராவிட்டால் சரக அலுவலகத்தை அழைக்கச் சொல்வேன். பத்திரமாக இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்ததும் அவருக்கு மறக்காமல் செய்தி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேருந்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி யாரோ சிலர் டார்ச்சோடு மலையேறத் தொடங்கியிருப்பார்கள்.